மூச்சு விடும் பெட்டி

விலை பேச வந்தவர் நாசூக்கானவர். பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே வெல்வெட் துணியின் மேல் கிடந்த சிவப்பு அக்கார்டியனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வெள்ளைக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். துருத்தியின் மடிப்புகளில் விரலை ஓட்டினார். பிறகு தாராள மனதோடு இந்தியில் சொன்னார்: "வாசிக்க முடியாத நிலையில் இருந்தாலும் பரவாயில்லை சார், எடுத்துக்கொள்கிறோம்."

மும்பை பாந்திராவில் திறக்கவிருக்கும் ஓர் உணவகத்தின் சுவருக்கு அது தேவைப்பட்டது. பழைய கிராமபோன், பழைய டைப்ரைட்டர், பழைய சினிமா போஸ்டர்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. நடுவில் மாட்ட ஓர் அக்கார்டியன் மட்டும்தான் பாக்கி. அவர் சொன்ன தொகை, செம்பூர்க்காரரின் ஒரு மாதப் பென்ஷனைவிட அதிகம்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தார். யோசிக்க ஒன்றுமே இல்லை என்பது மனைவியின் கட்சி. "என்னங்க, நம்ம வீட்ல கட்டிலடியில கிடக்கிறதுக்கு அங்க சுவர்ல தொங்கட்டுமே. நாலு பேர் பாப்பாங்க."

"பாக்கிறதுக்கா அது?" என்றார் அவர். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. ஆனால் இரவு வெகுநேரம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. உறுத்தியது பணம் அல்ல. 'வாசிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை' என்ற அந்த ஒரு வாக்கியம்.

எழுபதைத் தாண்டிய மனிதர் ஒருவருக்கு ஓர் இசைக்கருவியின் மேல் இவ்வளவு பிடிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்குச் செம்பூரில் தொடங்க வேண்டும். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து டிராம்பே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். மகனுக்கு ஊர் என்றால் செம்பூர்தான். அந்த நாளில் செம்பூர் என்றால் ஆர்.கே. ஸ்டூடியோ. ராஜ் கபூர் 1948-ல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவின் கேட்டருகே, பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் கும்பலாகப் போய் நிற்பார்கள். ஏதாவது ஒரு கார் உள்ளே போகும். அதற்குள் இருந்தது யார் என்பதில் ஒரு வாரம் சண்டை நடக்கும்.

1964-ல் 'சங்கம்' வெளிவந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. அதில் ராஜ் கபூர் அக்கார்டியனை மார்பில் மாட்டிக்கொண்டு பாடும் காட்சி ஒன்று வரும். கூடப் போயிருந்த பையன்கள் எல்லோரும் வைஜயந்திமாலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் துருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி மூச்சு விடுவதை அதற்குமுன் அவர் கண்டதில்லை.

திரையில் பெட்டியை மாட்டிக்கொண்டிருப்பவர் வேறு, காதில் விழும் வாசிப்புக்குச் சொந்தக்காரர் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. பாடுகிறவருக்கும் பின்னணிக் குரல், பெட்டிக்கும் பின்னணிக் கை. பாடகரின் பெயரையாவது ரேடியோவில் சொன்னார்கள். அக்கார்டியன்காரரின் பெயரை யாரும் சொல்லவில்லை. அந்தப் பெயர்களைத் தேடுவதில்தான் அவருடைய பைத்தியம் ஆரம்பித்தது.

1974-ல், வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்த இரண்டாவது வருஷம், சொந்தமாக ஒன்று வாங்கினார். தெற்கு பம்பாயில் தோபி தலாவ் என்ற பகுதி. கோவாவிலிருந்து வந்த கிறிஸ்தவ இசைக்கலைஞர்கள் பலர் அங்கே தலைமுறைகளாகக் குடியிருந்தார்கள். வயலின், டிரம்பெட், செலோ என்று இந்திப் பட வாத்தியக் குழுக்களில் பாதியை நிரப்பியவர்கள் அவர்கள்தான். அங்கே கனடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தது. இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, அந்தச் சிவப்புப் பெட்டியை டாக்ஸியில் வைத்துக்கொண்டு வந்தார். கிழக்கு ஜெர்மனியில் கிளிங்கந்தால் என்ற ஊரில் செய்தது என்று உள்ளே ஒரு சிறிய தகடு சொன்னது.

முதல் நாள் தோள்களில் வாரை மாட்டிக்கொண்டதும் முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பத்துக் கிலோவுக்கு மேல் கனம். வலது கைக்குப் பியானோவைப் போல 41 கட்டைகள். இடது கைக்கு 120 பொத்தான்கள், ஆறு வரிசைகளில். இந்தப் பொத்தான்களை வாசிக்கிறவர் பார்க்கவே முடியாது. அவை அவருக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். ஒரே ஒரு உதவி உண்டு. 'ஸி' ஸ்வரத்துக்குரிய பொத்தானில் விரல் நுனிக்குத் தட்டுப்படும்படி ஒரு சிறு பள்ளம் வைத்திருப்பார்கள். அதைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து மற்றவற்றைக் கணக்குப் போட வேண்டும். இருட்டில் வீட்டுக்குள் நடக்கிற மாதிரிதான். பழகினால் இடிக்காது.

ஆனால் அக்கார்டியனின் உயிர் கட்டையிலும் இல்லை, பொத்தானிலும் இல்லை. நடுவில் இருக்கும் துருத்தியில் இருக்கிறது. கட்டையை எவ்வளவு ஓங்கிக் குத்தினாலும் சத்தம் ஒரு துளி கூடாது. மெதுவாகத் தொட்டாலும் குறையாது. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், ஸ்வரத்தை அழவைப்பதும் சிரிக்கவைப்பதும், துருத்தியை இழுத்துத் தள்ளும் இடது தோளின் வேலை. எந்த இடத்தில் துருத்தியைத் திருப்புவது என்பதில் இருக்கிறது சூட்சுமம். பாடகர் ஒரு சொல்லுக்கு நடுவில் மூச்சு வாங்கினால் எப்படி இருக்குமோ, தவறான இடத்தில் துருத்தியைத் திருப்பினாலும் அப்படித்தான். இதைக் கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

உள்ளே இருக்கும் சமாசாரம் நமக்குப் புதிதல்ல. ஆர்மோனியத்தில் இருக்கும் அதே ரீடுதான். ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை விடுதலையாக ஆடும் மெல்லிய உலோக நாக்கு. காற்று அதைக் கடக்கும்போது துடிக்கிறது, துடிப்பு ஸ்வரமாகிறது. சீனாவின் பழைய 'ஷெங்' வாத்தியத்திலும் இந்த வகை நாக்குதான். 1829-ல் வியன்னாவில் சிரில் டெமியான் என்ற ஆர்கன் தயாரிப்பாளர், சின்னப் பெட்டி ஒன்றுக்குள் இவற்றை அடக்கி, 'அக்கார்டியன்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு ஸ்வரக் கூட்டே ஒலிக்கும் என்பதால் அந்தப் பெயர். 1863-ல் பாவ்லோ சொப்ரானி இத்தாலியின் காஸ்டெல்ஃபிதார்தோவில் பட்டறை தொடங்க, அந்தச் சிறு ஊர் அக்கார்டியனின் தலைநகரமாயிற்று. அங்கே இதற்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

நம் ஊரில் அண்ணன் ஆர்மோனியத்துக்குக் கிடைத்த மரியாதை வேறு. நாடக மேடைகளில் ராஜாவாக இருந்த அந்தப் பெட்டி, கமகத்துக்கு வளையாது, ஸ்வரங்களின் இடைவெளிகளுக்குள் நுழையாது என்ற குற்றச்சாட்டின் பேரில் 1940-ல் அகில இந்திய வானொலியிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. அதே குறை அக்கார்டியனுக்கும் உண்டு. ஆனால் அது சாஸ்திரிய சங்கீதத்தின் வாசலில் போய் நிற்கவே இல்லை. நேராக சினிமாவுக்குள் நுழைந்துவிட்டது. சினிமா யாரையும் கோத்திரம் கேட்பதில்லை.

பம்பாயில் அதற்குக் கிடைத்த கைகள் அபாரமானவை. முதலில் சொல்லப்பட வேண்டியவர் கூடி சீர்வாய் என்ற பார்சி. ஷங்கர்-ஜெய்கிஷன் காலத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் அக்கார்டியன் என்றால் அவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். புனேக்காரரான ஈனாக் டேனியல்ஸ், படப் பாடல்களை அக்கார்டியனில் தனியாகவே வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். தெற்கே எம்.எஸ். விஸ்வநாதன் குழுவில் மங்களமூர்த்தி இருந்தார். விடுமுறைக்குத் திருநெல்வேலி போகும்போதெல்லாம், தேநீர்க்கடை ரேடியோவில் தமிழ்ப் பாட்டின் இடையிசையில் அந்தப் பெட்டி எங்கே வருகிறது என்று செம்பூர்க்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எல்லோரிலும் அவருக்கு நெருக்கமானவர் கெர்ஸி லார்ட். நேரில் பார்த்ததில்லை. 1969-ல் வந்த 'ஆராதனா'வில் எஸ்.டி. பர்மன் இசையில் கிஷோர் குமார் பாடிய 'ரூப் தேரா மஸ்தானா' மூலம் ஏற்பட்ட நெருக்கம். முழுப் பாட்டையும் வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்திருப்பார்கள். வெளியே மழை, உள்ளே தீ, இரண்டு பேர். அவர்களைச் சுற்றிவரும் கேமராவோடு சேர்ந்து சுற்றிவருவது கெர்ஸி லார்டின் அக்கார்டியன். கதாநாயகனும் கதாநாயகியும் சொல்லத் தயங்குவதை அந்தத் துருத்தி பெருமூச்சாகச் சொல்லிவிடும். அக்கார்டியனை இந்தியாவில் எந்தப் பாட்டால் அடையாளம் காட்டுவது என்று கேட்டால், அதன் பிரியர்களில் பலர் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

அதே கெர்ஸி லார்ட்தான் 1970-களில் சின்தசைசரைப் பம்பாய்த் திரையிசைக்குள் கொண்டுவந்த முன்னோடி. விதியின் விளையாட்டு என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. அவருடைய அப்பா காவஸ் லார்ட் லத்தீன் அமெரிக்கத் தாளக் கருவிகளைப் பம்பாய்க்குப் பழக்கியவர். புதுச் சத்தம் எங்கே கிடைத்தாலும் தேடிப் போவது அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் இருந்தது. மூக் சின்தசைசர் அவருக்கு இன்னொரு புதுச் சத்தம், அவ்வளவே. ஆனால் அந்தச் சத்தத்தின் பேரப்பிள்ளைகள் வேறு விதமாக வளர்ந்தார்கள். 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு கீபோர்டும் அதை இயக்க ஒருவரும் இருந்தால் வயலின் வரிசை, புல்லாங்குழல், அக்கார்டியன் எல்லாம் ஒரு பொத்தானுக்குள் வந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டது. நூறு பேர் உட்கார்ந்து வாசித்த கூடங்கள் காலியாகத் தொடங்கின. அங்கே வாசித்தவர்களைத் தேடிப் பேட்டி கண்டு இசை ஆய்வாளர் கிரிகரி பூத் எழுதிய 'பிஹைண்ட் தி கர்ட்டன்' 2008-ல் வந்தபோது, பல பெயர்களை ரசிகர்கள் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்கள். கெர்ஸி லார்ட் 2016-ல் காலமானார்.

செம்பூர்க்காரரின் சின்ன உலகத்திலும் இதே கதைதான் நடந்தது. வங்கி வேலை போக, சனிக்கிழமை இரவுகளில் அவர் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் சதுர்த்திப் பந்தல், கல்யாண வரவேற்பு, ரயில்வே காலனி ஆண்டு விழா. 1989-ல் குழுத் தலைவர் ஜப்பான் கீபோர்டு ஒன்று வாங்கினார். அதில் 'அக்கார்டியன்' என்றே ஒரு பொத்தான் இருந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. வேனில் இடமில்லை என்று மட்டும் ஒருநாள் சொன்னார்கள். பெட்டி பரணுக்குப் போயிற்று.

பதினான்கு வருஷம் அது அங்கேயே கிடந்தது. 2003-ல் ஓய்வுபெற்ற மறுவாரம் கீழே இறக்கித் துருத்தியை இழுத்தபோது, உள்ளே கொட்டைப் பாக்கைக் குலுக்குவது போல ஒரு சத்தம். ரீடுகளை மரச்சட்டத்தில் ஒட்டவைப்பது தேன்மெழுகும் பிசினும் கலந்த கலவை. பதினான்கு பம்பாய்க் கோடைகளிலும் மழைகளிலும் அது காய்ந்து உதிர்ந்துவிட்டது. ரீடுகள் கழன்று பெட்டிக்குள் உருண்டன. காற்று தவறான வழியில் போகாமல் தடுக்கும் சின்னத் தோல் வால்வுகள் கருகிய வாழைச் சருகு மாதிரி சுருண்டிருந்தன. "அம்மாவின் நகைப்பெட்டியைத் திறந்து பார்க்கும்போது உள்ளே ஒன்றுமில்லாதது மாதிரி இருந்தது" என்று அதைப் பற்றிச் சொல்வார்.

பழுது பார்க்க ஆள் தேடியபோதுதான் நிலைமையின் தீவிரம் புரிந்தது. வாசிக்கிறவர்கள் குறைந்தால் சரிசெய்கிறவர்களும் குறைவார்கள். சரிசெய்கிறவர் இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் பெட்டிகளும் ஊமையாகும். கடைசியில் பைகுல்லாவில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் ஒரு முதியவர், "உங்கள் பெட்டியும் எங்கள் ஜாதிதான்" என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். நானூறுக்கும் மேற்பட்ட ரீடுகள். தனியாகச் செய்ய அவருக்குக் கண் இல்லை. கூட உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

ஏழு மாதம் ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு ரீடாக எடுத்து, துருவை நீக்கி, புது மெழுகு காய்ச்சி ஒட்டி, சுருதி கூட்டினார்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஒரு சுரண்டல் அதிகமானால் கெட்டது. இதில் ஒரு வேடிக்கையையும் கற்றார். ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு, மூன்று ரீடுகள் சேர்ந்து ஒலிக்கும்போது, அவற்றை முழுக்க ஒன்றாகச் சுருதி சேர்க்கக் கூடாது. வேண்டுமென்றே ஒரு மயிரிழை விலக்கி வைக்க வேண்டும். அந்த விலகலில்தான் அக்கார்டியனுக்கே உரிய நடுக்கம் பிறக்கிறது. பாரிஸ் தெருப் பாட்டுகளில் நாம் கேட்டு மயங்குகிற அந்தக் கலங்கல் ஒரு திட்டமிட்ட அபசுருதி. "எல்லாம் சரியாகச் சேர்ந்துவிட்டால் உயிர் போய்விடும்" என்றாராம் முதியவர். இப்போது அவர் இல்லை. அவர் கற்றுக்கொடுத்ததை வைத்துச் செம்பூர்க்காரர் இதுவரை ஏழெட்டுப் பெட்டிகளைப் பேசவைத்திருக்கிறார்.

பெட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது விசித்திரமான விஷயம். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், இன்னொருவர் பல் டாக்டர், மூன்றாமவர் மாதா கோயிலில் பாட்டுக்கு வாசிப்பவர். யாருக்காவது ஒரு வால்வுக்கு ஆட்டுத்தோல் வேண்டும், யாருக்காவது வார் அறுந்துவிட்டது, அப்படிச் சேர்ந்தவர்கள்தான். இப்போது பழைய பாட்டுகளுக்கென்றே நடக்கும் கச்சேரிகளில் நிஜ அக்கார்டியன்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். கீபோர்டின் 'அக்கார்டியன்' பொத்தானில் எல்லாம் இருக்கிறது, மூச்சு வாங்குவதைத் தவிர.

உலகம் முழுக்கவே இந்தப் பெட்டிக்கு அப்படி ஒரு பிடிவாதம். கிடார் வந்து அமெரிக்க இளைஞர்களிடமிருந்து அதை விரட்டிய 1960-களில்தான், 1968-ல், கொலம்பியாவின் வாயெதுபார் நகரத்தில் அக்கார்டியனை நடுநாயகமாக வைத்த 'வாயெனாத்தோ' இசைக்கு விழா தொடங்கினார்கள். அந்த இசையை 2015-ல் யுனெஸ்கோ பாதுகாக்க வேண்டிய மரபு என்று பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பியப் பெட்டியை வாங்கி, சொந்தத் துக்கத்தையும் சந்தோஷத்தையும் அதற்குள் ஊதிக்கொண்டார்கள். அவர்கள் செய்ததைத்தான் நம் ஒலிப்பதிவுக் கூடத்துப் பார்சிகளும் கோவாக்காரர்களும் செய்தார்கள். அவர்களுக்கு விழா எடுக்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

விலை பேச வந்தவர் வந்துபோன அந்த வாரம், புனேயிலிருந்து பேத்தி வந்திருந்தாள். கீபோர்டு வகுப்பில் மூன்றாவது கிரேடு. "தாத்தா, நான் வாசிக்கட்டுமா?" என்றாள். வாரை இறுக்கிக் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, துருத்தியின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். அவள் கட்டைகளை அழுத்தமாகக் குத்தினாள். சத்தம் கூடவில்லை. இன்னும் குத்தினாள்.

"விரலை விடும்மா. தோளைப் பாரு. நீ பாடறப்போ எங்க மூச்சு வாங்குவ?"

பாடிப் பார்த்தாள். இடத்தைக் காட்டினாள். அந்த இடத்தில் அவர் துருத்தியைத் திருப்பினார். அவள் முகத்தில், பதினான்கு வயதில் தன் முகத்தில் இருந்திருக்கக்கூடிய ஏதோ ஒன்றைத் தேடினார். அப்படி ஒன்றும் தென்படவில்லை. இரண்டு பாட்டு முடிந்ததும் "கனமா இருக்கு தாத்தா" என்று இறக்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கனம்தான்.

அன்று மாலை நடந்து வரும்போது ஆர்.கே. ஸ்டூடியோ இருந்த இடத்தைக் கடந்தார். 2017 செப்டம்பரில் தீ அதன் பெரும்பகுதியைத் தின்றது. படங்களில் அணிந்த உடைகளும் நினைவுப் பொருள்களும் சாம்பலாயின. 2019-ல் ஒரு கட்டட நிறுவனம் நிலத்தை வாங்கியது. அவருடைய பெட்டியைச் செய்த கிழக்கு ஜெர்மனி என்ற நாடே 1990-ல் வரைபடத்திலிருந்து போய்விட்டது. நாடு போயிற்று, ஸ்டூடியோ போயிற்று, வாசித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மெழுகாலும் தோலாலும் அட்டையாலும் ஆன அந்தப் பெட்டி மட்டும் கட்டிலடியில் இருக்கிறது. இருப்பதற்கு ஒரே காரணம், அதைத் தினமும் ஒருவர் இழுப்பதுதான். வாசிக்காமல் விட்டால் தோல் சுருளும், மெழுகு உதிரும். சுவரில் மாட்டினால் இரண்டு கோடைக்குத் தாங்காது.

மறுநாள் தொலைபேசியில் அழைத்து, விற்பதாக இல்லை என்று சொன்னார். அந்த நாசூக்கானவர் தொகையைக் கொஞ்சம் உயர்த்தினார். "வாசிக்க ஆள் இருந்தால் சொல்லுங்கள், பணமே வேண்டாம்" என்று இவர் பதில் சொன்னார். எதிர்முனையில் சற்று நேரம் மௌனம். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஏழு மணிக்கு வழக்கம்போலக் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தார். இதைச் சங்கீதம் என்று அவர் சொல்வதில்லை. நிறுத்திவைத்த ஸ்கூட்டரைத் தினமும் ஒருமுறை கிளப்பிப் பார்ப்பது போல, பத்து நிமிஷம் துருத்திக்கு வேலை கொடுப்பார். தோள்களில் வாரை மாட்டி, இடது கையால் அந்தச் சிறு பள்ளத்தைத் தடவிக் கண்டுபிடித்தார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, நேத்து அந்தப் பாட்டைப் பாதியில விட்டீங்களே. அதையே வாசிங்க."